நீர் செய்யும் தொழில் யாது?

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலியின் மொடேனா நகரிலே ஒரு வைத்தியப் பேராசிரியர் வாழ்ந்தார். அவருடைய வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்வதற்காகத் தொழிலாளி ஒருவன் வந்திருந்தான். அவன் மூச்சுவிடவும் பொழுதின்றி விரைந்து வேலை செய்வதைக் கண்ட பேராசிரியர், இவ்வளவு அவசரம் ஏன், உடல் தளர்ந்துவிடாதா என்று வினவினார். நான்கு மணித்தியாலத்திற்கு மேல் இக்குழியினுள் நின்றால் என்னவாகும் என்பது நின்றவனுக்கே தெரியும், கண்ணிழந்தவன் போலாகிவிட நேரும் என்ற கருத்தில் அத்தொழிலாளி விடையிறுத்தான். அவன் மேலே வந்ததும் பேராசிரியர் அவனுடைய கண்களைச் சோதித்தார். அவை சிவந்து மங்கியிருந்தன. பின்னர் அத்தொழில் செய்வோர் பலரை அந்நகரிலே தேடிச் சென்று பார்த்தபோது, பார்வை குன்றியோரும் இழந்தோரும் அவர்களிடையே இருப்பதைக் கண்டார்.

அப்பேராசிரியரே தொழில்சார் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் பேர்னாடினோ ரமாத்சினி. தொழிலாளரின் நோய்கள் பற்றி இலத்தீன் மொழியில் அவர் எழுதிய நூல் 1700ஆம் ஆண்டில் வெளிவந்தது. அரசர்களின் நாடியைப் பிடித்துப் புகழ் தேடிய வைத்தியர்கள் மலிந்திருந்த காலம் அது. அக்காலத்திலே சுரங்கத் தொழிலாளர், குயவர், வர்ணம் பூசுவோர், நெசவாளர், அச்சுக்கோப்போர், மருத்துவிச்சிகள், பிணஞ் சுமப்போர் ஆகியோரின் உடல்நிலையை ஒரு கல்விமான் தனித்தனியே ஆராய்ந்து எழுதினார் என்பது சாதாரண செய்தியன்று. இழிந்தவை எனக் கருதப்பட்ட வேலைத்தலங்களுள் நுழைவதை அவர் இழுக்கென எண்ணவில்லை. கிரேக்க ஆசான் இப்போக்கிரேட்டஸ் வகுத்த முறைப்படி நோயாளியிடம் கேட்கவேண்டிய வினாக்கள் பல உண்டு. அவற்றோடு இன்னும் ஒரு வினாவைச் சேர்த்துக்கொள்ளுமாறு ரமாத்சினி தம் மாணாக்கரைப் பணித்தார். நீர் செய்யும் தொழில் யாது என்பதே அவ்வினா.

சிறிய வினாதான். ஆயினும் நோயைத் தனிமனிதனின் விதியென்றும் ஒழுக்கக்கேட்டின் பயனென்றும் கருதிய நோக்கை அது அசைத்துவிட்டது. ஈயத்தை அரைத்து மட்பாண்டத்திற்கு மெருகிடும் குயவனின் கைகள் முதலில் நடுங்குகின்றன, பின்னர் செயலிழக்கின்றன, பற்கள் விழுகின்றன, முகம் ஈயத்தின் நிறத்தையே பெற்றுவிடுகிறது என்று ரமாத்சினி எழுதியபோது, நோயின் வேர் உழைப்பின் நிலைமையில் இருக்கிறது என்ற உண்மை புலப்பட்டது.

உண்மை புலப்பட்டதும் துன்பம் நீங்கிவிட்டதா? வரலாறு இல்லை என்றே விடை பகர்கின்றது.

1775ஆம் ஆண்டில் பேர்சிவல் பொற் என்னும் இலண்டன் சத்திரசிகிச்சை வைத்தியர், புகைபோக்கி துடைப்போருக்கு விதைப்பையிலே தோன்றும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என எழுதினார். ஒரு தொழிலிலிருந்து புற்றுநோய் வருவதைச் சுட்டிக்காட்டிய முன்னோடி எழுத்து அது. புகைபோக்கிகளின் ஒடுங்கிய வழியில் ஏறுவதற்கு மெலிந்த உடல் வேண்டும். ஆகவே வறியவர் வீட்டுச் சிறுவர்கள் அவ்வேலைக்கு அமர்த்தப்பட்டனர். 1788இல் எட்டு வயதுக்குக் குறைந்தவரை அமர்த்தலாகாது என்று ஒரு சட்டம் வந்தது. 1840இல் 21 வயதுக்குக் குறைந்தவர் ஏறலாகாது என்று இன்னொன்று வந்தது. சட்டங்கள் ஏட்டில் இருந்தன, சிறுவர்கள் புகைபோக்கியில் இருந்தனர். துடைப்போர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும், பொலிசார் அதனைக் கண்காணிக்கவேண்டும் என்ற சட்டம் 1875இல் நிறைவேறிய பின்னரே அக்கொடுமை ஓய்ந்தது. வைத்தியர் உண்மையைச் சொன்ன ஆண்டிலிருந்து சரியாக 100 ஆண்டுகள்! இந்த நூறாண்டில் குறைவாயிருந்தது அறிவன்று, அந்த அறிவை நடைமுறைப்படுத்தும் வலிமையே.

இதற்கிடையில் இயந்திரத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றோடு வைத்தியருக்கும் தொழிற்சாலைக்கும் சட்டரீதியான உறவு ஒன்று ஏற்பட்டது. இங்கிலாந்தின் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் அமர்த்துவதைத் தடுத்தது. பிறப்புப் பதிவு அங்கு 1837இலேயே தொடங்கியது. எனவே பிள்ளையின் உருவத்தையும் வலுவையும் பார்த்து வயதை மதித்துச் சான்றளிப்பது வைத்தியரின் கடமையாயிற்று. தொழிற்சாலை வாயிலில் வைத்தியருக்குக் கிடைத்த முதல் வேலை நோயைத் தீர்ப்பதன்று. இப்பிள்ளை உழைக்கத் தக்கது என்று கையொப்பமிடுவதே. இந்நிலை தொழில்சார் மருத்துவத்தின் உள்ளே உறையும் முரண்பாட்டை நமக்குக் காட்டுகின்றது. வைத்தியர் தொழிலாளியின் உடலைக் காப்பவரா, அல்லது உழைப்புக்கு வேண்டிய உடலைத் தெரிந்து கொடுப்பவரா?

இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கூறிய இருவரைப் பற்றி நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாமவர் தோமஸ் லெக். சீன இலக்கியங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் லெக்கின் மைந்தர். 1863இல் ஹொங்கொங்கில் பிறந்தவர். தொழிற்சாலைகளில் ஈயம், பொசுபரசு, ஆர்சனிக் ஆகியவற்றால் நஞ்சூட்டப்பட்டோரையும் அந்திராக்சு நோய் கண்டோரையும் பற்றி அரசுக்கு அறிவிக்கவேண்டுமென 1895ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. 1898இல் பிரித்தானியத் தொழிற்சாலைகளின் முதலாவது வைத்தியப் பரிசோதகராக லெக் நியமனம் பெற்றார். அவர் முதலாளியிடம் சம்பளம் பெற்றவரல்லர். சட்டத்தின் பெயரால் எந்தத் தொழிற்சாலையின் கதவையும் தட்டக்கூடியவர். இந்த வேறுபாடு பெரிது.

ஈயத் தொழிலாளி நோயுற்றால், அவன் கைகழுவாது உண்டான், குடித்தான், தூய்மை பேணவில்லை என்று பழியை அவன் மீதே சுமத்துவது அன்றைய வழக்கம். 1912இல் கென்னத் கோட்பி என்பாருடன் இணைந்து லெக் வெளியிட்ட நூல், ஈயம் பெரும்பாலும் தூசியாகவும் புகையாகவும் மூச்சின் வழியே உடலுட் புகுகின்றது என்பதை வலியுறுத்தியது. இஃது ஆய்வுகூடச் செய்தி மட்டுமன்று. கையில் ஒட்டிய அழுக்கைத் தொழிலாளி கழுவிக்கொள்ளலாம். தொழிற்சாலையின் காற்றை அவன் கழுவமுடியுமா? தூசி எழும் இடத்திலேயே அதனை உறிஞ்சி வெளியேற்றும் பொறியை அமைக்கவேண்டியவர் முதலாளியே. முதலாளி செய்யவேண்டியவற்றையெல்லாம் செய்து முடிக்கும்வரை, தன்னைக் காத்துக்கொள்ளத் தொழிலாளியால் ஏறக்குறைய எதுவும் செய்ய இயலாது என்பதே லெக் கண்ட முடிபு. தாம் கையாளும் பொருளின் ஆபத்தைத் தொழிலாளர் அறிந்திருக்கவேண்டும் என்பதும் அவருடைய கொள்கை. ஈய நஞ்சு உள்ளிட்ட ஆறு தொழில்நோய்கள் 1906ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டத்துள் அடங்கின. 1900ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த ஈய நஞ்சு அறிவித்தல்கள் 1910 அளவில் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தன.

1921இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளை என்னும் நச்சுச் சாயப்பொருளை, சில விதிவிலக்குகளுடன், தடைசெய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதன் ஆக்கத்தில் லெக்கும் பங்குகொண்டிருந்தார். ஆயின் பிரித்தானிய அரசு அதனை ஏற்று உறுதிசெய்ய மறுத்து, தடைக்குப் பதிலாக ஒழுங்குவிதிகள் போதுமென்று 1926இல் வேறொரு சட்டத்தை இயற்றியது. முந்திய ஆண்டிலேதான் லெக்குக்குச் சேர் பட்டம் கிடைத்திருந்தது. பட்டத்தையும் பதவியையும் காத்துக்கொண்டு அவர் மௌனமாக இருந்திருக்கலாம். அவரோ அவ்வாண்டிலேயே பதவியைத் துறந்தார்; பின்னர் பிரித்தானியத் தொழிற்சங்கப் பேரவையின் வைத்திய ஆலோசகராய்ப் பணிபுரிந்து 1932இல் மறைந்தார். அரசாங்கத்தின் அறையிலிருந்து தொழிலாளரின் அறைக்கு அவர் நடந்து சென்ற அச்சிறு தூரம் மருத்துவ வரலாற்றில் ஒரு நெடும்பயணம் எனலாம்.

இரண்டாமவர் அமெரிக்கப் பெண்மணியான அலிஸ் ஹமில்டன். வைத்தியம் கற்ற அவர் சிக்காகோவின் ஏழைக் குடியேறிகள் நடுவே, ஹல் ஹவுஸ் என்னும் சமூகசேவை இல்லத்தில் வாழ்ந்தார். 1910இல் இலினோய் மாநிலம் தொழில்நோய்களை ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தபோது, ஈயம் பற்றிய ஆய்வு அவர் பொறுப்பாயிற்று. குளியற்றொட்டிகளுக்கு மெருகிடும் போலந்துத் தொழிலாளி ஒருவனின் கைகள் ஈயத்தால் செயலிழந்திருந்ததை அவர் அறிந்தார். தொழிற்சாலைக்குச் சென்றபோது, ஈயம் பயன்படுத்துவதில்லை என்று கூறிய நிருவாகத்தினர் ஒரு வேலையறையையும் காட்டினர். அங்கிருந்த பூச்சில் உண்மையிலேயே ஈயம் இல்லை. குழப்பமடைந்த ஹமில்டன், அத்தொழிலாளியின் குடியிருப்பைத் தேடிச் சென்று அவனையே கேட்டார். அவர் பார்த்தது இறுதிப் பூச்சு நடைபெறும் இடம். நச்சுப்பொடி தூவி மெருகிடும் வேலைத்தலம் வேறோரிடத்தில் இருந்தது! தொழிற்சாலையில் மறைக்கப்பட்டது தொழிலாளியின் வீட்டில் வெளிப்பட்டது. ரமாத்சினியின் வினாவை எங்கே கேட்கவேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கின்றது.

அவ்வாய்வின் பயனாக 1911இல் இலினோய் மாநிலம் தொழில்நோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1919இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் ஹமில்டனைத் தன் முதலாவது பெண் ஆசிரியராக ஏற்றது. ஆயினும் ஆசிரியர் கழகத்தினுள் நுழையவோ பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கவோ கூடாதென்ற நிபந்தனைகளும் உடன் வந்தன. 1935இல் ஓய்வுபெறும்வரை அவர் உதவிப் பேராசிரியராகவே வைக்கப்பட்டிருந்தார்.

1924இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், பெற்றோலிற் கலப்பதற்கான ஈயச் சேர்வையை உற்பத்தி செய்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். மறு ஆண்டு வாஷிங்டனில் கூடிய மாநாட்டில், இப்பொருள் தொழிலாளரை மட்டுமன்றித் தெருவில் நடப்போரையும் தாக்கும் என ஹமில்டன் எச்சரித்தார். எதிர்ப்பக்கத்தில் நின்றவரும் ஒரு வைத்தியரே. றொபேட் கெஹோ என்னும் அவர் அந்நிறுவனங்களின் பணத்தில் ஆய்வு நடத்தியவர். உடலில் ஓரளவு ஈயம் இருப்பது இயல்பே என்று பல பத்தாண்டுகள் வாதாடியவர். அவர் வாதமே அன்று வென்றது. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002ஆம் ஆண்டு வரை விற்கப்பட்டது. உலகில் அதன் விற்பனை 2021இல் அல்ஜீரியாவோடு முடிவுற்றது. ஒரு பெண் வைத்தியர் 1925இல் சொன்னதை உலகம் முற்றாக ஏற்க 96 ஆண்டுகள் சென்றன.

இருவரும் வைத்தியரே, இருவரும் விஞ்ஞானம் கற்றவரே. ஒருவர் தொழிலாளியின் படியேறிச் சென்று கேட்டார். மற்றவர் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் அமர்ந்து அளந்தார். விஞ்ஞானம் வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டது என்று கூறுவோர், அவ்விஞ்ஞானிக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பதையும் சேர்த்து ஆராய்தல் நன்று.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பிரித்தானியச் சட்டங்களின் வழிவந்தது. தொழிற்சாலையில் ஈய நஞ்சு முதலியவற்றால் நோயுற்றோரைக் கண்ட வைத்தியர் அதனை அறிவிக்கவேண்டும் என்ற விதி அதிலும் உண்டு. ஆனால் தன் இருமலுக்கும் கைநடுக்கத்துக்கும் காரணம் தான் செய்யும் தொழிலே என்பதை அறியாத தொழிலாளி, வைத்தியரிடம் அதனைச் சொல்லப்போவதில்லை. வைத்தியர் கேட்காவிடின் விதி உறங்கும். கேட்டறிந்து எழுதினாலும், வற்புறுத்தத் தொழிற்சங்கம் இல்லையெனில் ஏடு உறங்கும்.

நம் வகுப்பறைகளிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்கும் பற்றறி திருத்தும் கடைக்கும் வர்ணப்பூச்சு வேலைக்கும் செல்கின்றனர். அவர்களுட் சிலர் வைத்தியராகவும் போகின்றனர். முந்தியவருக்குத் தம் கையிலுள்ள பொருள் யாதெனக் கேட்கும் துணிவையும், பிந்தியவருக்கு நீர் செய்யும் தொழில் யாதெனக் கேட்கும் பண்பையும் ஊட்டுவது ஆசிரியரின் கடனாகும்.