அகதி என்ற சொல்லும் அதன் அயலும்

எங்கள் வீட்டு மேலறையில் ஒரு தம்பி இருக்கிறான். லண்டனுக்கு வந்து பதினொரு மாதம். கையிலுள்ள அட்டையில் வேலை செய்ய அனுமதியில்லை என்று எழுதியிருக்கிறது. போன கிழமை ரெஸ்ரோரண்ட் குசினி வேலை முடித்து இரவு ஒரு மணிக்கு நான் வந்தபோது, வழக்கறிஞரின் கடிதத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணை, இதிலை ஓரிடத்திலை ரெஃபியூஜி எண்டு கிடக்கு. இன்னோரிடத்திலை அசைலம் சீக்கர் எண்டு கிடக்கு. ரெண்டும் ஒண்டுதானே?"

"ஒண்டில்லையடா" என்றேன். ஏன் இல்லை என்று சொல்ல அந்த நேரம் வாய் வரவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் வரலாறு படித்து, 2008இல் அதை இடையில் விட்டு ஓடிவந்தவன் நான். படித்த மிச்சத்தை வைத்து அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

ரெஃபியூஜி என்ற சொல் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களும் ஓடிவந்தவர்களே. 1598இல் நான்ற் கட்டளை மூலம் பிரான்சின் புரட்டஸ்தாந்தருக்குக் கிடைத்த வழிபாட்டு உரிமையை, பதினான்காம் லூயி மன்னன் 1685இல் இரத்துச் செய்தான். ஹியூகனொற்றுகள் எனப்பட்ட அம்மக்கள் நாட்டைவிட்டுப் போகவும் தடை இருந்தது. இரவிலும் படகிலுமாகத் தப்பியவர்களில் ஏறக்குறைய ஐம்பதினாயிரம் பேர் இங்கிலாந்தை அடைந்தார்கள். அவர்களில் பட்டு நெசவாளர் பலர் கிழக்கு லண்டனில் ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் பகுதியில் குடியேறினார்கள். அங்கே 1743இல் அவர்கள் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. பின்னர் அது மெதடிஸ்த தேவாலயமாகி, 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாக இருக்கிறது. வந்த சனங்கள் மாறினார்கள், கட்டடம் மாறவில்லை.

நூறு வருடங்களுக்குப் பின், 1789 பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி இன்னொரு கூட்டம் அதே கடலைக் கடந்தது. இவர்களில் பிரபுக்களும் குருமாரும் நிறைய இருந்தார்கள். இவர்களுக்கு எமிக்ரே என்று வேறு பெயர் வந்தது. கடல் ஒன்று, பயமும் ஒன்றுதான். ஆனால் அந்தச் சொல்லில் இன்றுவரை கொஞ்சம் பட்டு வாசனை உண்டு. கோப்பை கழுவுகிறவனை யாரும் எமிக்ரே என்று அழைப்பதில்லை.

எக்ஸைல் இவற்றுக்கெல்லாம் மூத்தது. இலத்தீன் வேர் கொண்டது. உரோமில் அது ஒரு தண்டனை. கி.பி. 8இல் அகுஸ்துஸ் பேரரசன் கவிஞன் ஓவிட்டைக் கருங்கடற் கரையிலுள்ள தோமிஸ் நகருக்கு அனுப்பினான். அங்கிருந்து எழுதியபோது, தனக்குக் கிடைத்தது எக்ஸைல் அல்ல, ரெலெகாற்றியோ என்று ஓவிட் வற்புறுத்தினான். முன்னதில் குடியுரிமையும் சொத்தும் போய்விடும். பின்னதில் இரண்டும் மிஞ்சும். ஊரை இழந்த கவிஞனும் தன் கடதாசியில் எந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் பார்த்தான். எங்கள் தம்பி படிக்கட்டில் செய்ததும் அதையேதான்.

அசைலம் கிரேக்கச் சொல். பறிக்கவோ பிடித்திழுக்கவோ கூடாத இடம் என்பது பொருள். கோயிலுக்குள் ஓடியவனை உள்ளே புகுந்து பிடிக்கக்கூடாது. ஆக, அது முதலில் ஆளைப் பற்றிய சொல் அல்ல, இடத்தைப் பற்றிய சொல். அதனோடு 'சீக்கர்' என்று சேர்த்தால், கோயில் வாசலில் நின்று கதவைத் தட்டுகிறவன் ஆகிறான். கதவு திறக்குமோ தெரியாது. இந்தக் கூட்டுச்சொல் 1980களிலும் 1990களிலும்தான் பத்திரிகைகளில் பெருகியது. அதற்கு முன் ஓடிவந்தவனை எளிதாக ரெஃபியூஜி என்றே சொன்னார்கள்.

சட்டத்தில் ரெஃபியூஜி யார் என்பதை 1951ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கை வரையறுத்தது. இனம், மதம், தேசியம், குறித்த சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து என்ற ஐந்து காரணங்களில் ஒன்றால் துன்புறுத்தப்படுவோம் என்று நன்கு ஆதாரமுள்ள பயம் கொண்டு, நாட்டுக்கு வெளியே நிற்பவன். 1951 ஜனவரி 1க்கு முந்திய சம்பவங்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. அந்த எல்லையை 1967 நெறிமுறை நீக்கியிராவிட்டால் நாங்கள் எவரும் அதற்குள் வந்திருக்க மாட்டோம். யுத்தம் என்ற சொல் அந்த வரையறையில் இல்லை. ஷெல்லுக்குப் பயந்து ஓடினேன் என்பது மட்டும் போதாமற் போவது இதனால்தான்.

பயத்துக்கும் ஆதாரமுள்ள பயத்துக்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வி இங்கிலாந்தின் அதியுயர் நீதிமன்றமாக அப்போதிருந்த பிரபுக்கள் சபைக்குப் போனது எங்கள் ஆட்களின் வழக்கில்தான். மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒருவன் மனதில் உண்மையாகவே பயம் இருந்தாற் பெரும்பாலும் போதும் என்ற பக்கம் நின்றது. 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. பயப்படுவது நடப்பதற்கு நியாயமான சாத்தியம் வெளியுலகில் இருக்க வேண்டும் என்றது. 1988இல் அந்தத் தமிழர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1989இல், அவர்களின் மேன்முறையீட்டைக் கேட்ட விசாரணையாளர், அவர்கள் ரெஃபியூஜிகள்தான் என்று தீர்ப்பளித்தார். அவர்கள் மீண்டும் லண்டன் வந்தார்கள்.

மைக்ரன்ற் என்ற சொல்லை நான் என் உடம்பிலேயே படித்தேன். முதல் நேர்முகத்தில், இங்கே என்ன செய்ய விருப்பம் என்று கேட்டார்கள். மரியாதையாகப் பதில் சொல்ல நினைத்து, "எந்த வேலையெண்டாலும் செய்வன்" என்றேன். வந்த நிராகரிப்புக் கடிதத்தில் நான் வேலை தேடி வந்த மைக்ரன்ற் ஆகியிருந்தேன். அந்த ஒரு வசனத்தைத் திருத்த எனக்கு மூன்று வருடம் சென்றது. அம்மா செத்தது அந்த மூன்று வருடத்துக்குள். போக முடியவில்லை.

எங்கள் சொல்லோ வேறு வகை. கதி இல்லாதவன் அகதி. வடமொழி வழி வந்த சொல். அதில் ஐந்து காரணங்கள் இல்லை, ஆதாரம் கேட்பதில்லை. போக்கிடம் இல்லையா, நீ அகதி, அவ்வளவுதான். ஊரில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் படுத்தவர்களையும் நாங்கள் அகதி என்றோம். 1951 வரையறை அவர்களைச் சேர்க்காது. அவர்கள் எல்லை தாண்டவில்லை. எங்கள் நேர்முகங்களில் நிகழும் விபத்துகளிற் பாதி இங்கேதான் நிகழ்கிறது என்று நினைக்கிறேன். நாங்கள் கதியைப் பற்றிச் சொல்கிறோம். அவர்கள் காரணத்தைக் கேட்கிறார்கள்.

தம்பிக்கு வருகிற செவ்வாய்க்கிழமை நேர்முகம். நேற்றுக் காலை அவனை இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துச் சொன்னேன்: "பயமாயிருந்தது எண்டு மட்டும் சொல்லிப்போட்டு நிப்பாட்டாதை. ஆர் வந்தது, எப்ப வந்தது, ஏன் உன்னைத் தேடி வந்தது, அதைச் சொல்லு. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லு. வேலையைப் பற்றிக் கேட்டால், ஏன் ஊரை விட்டனி எண்டதை முதல் சொல்லு."

"சரி அண்ணை" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பொறுத்து, "அப்ப நான் இப்ப என்ன, அண்ணை?" என்று கேட்டான்.

"எங்கடை தமிழிலை நீ வந்த அண்டைக்கே அகதி" என்றேன். "அவங்கடை இங்கிலிசிலை இன்னும் கதவைத் தட்டிக்கொண்டு நிக்கிறாய்."