கைமாறும் விமானங்கள்

நான்கு பேர் அமரும் செஸ்னா 172எஸ், இருவர் அமரும் ஆர்வி-7 ஆகிய இரண்டிலும் ஒரே குடும்பத்து லைகமிங் எஞ்சினைப் பொருத்தலாம். அதே 180 குதிரைத்திறனில் முன்னது மணிக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பின்னது 300ஐத் தாண்டிவிடும். செஸ்னா, அமெரிக்க அரசின் வடிவமைப்புச் சான்றிதழோடு தொழிற்சாலையிலிருந்து வருவது. ஆர்வியோ ஆரிகன் மாநிலத்தின் வான்ஸ் நிறுவனம் பெட்டிகளில் ‘கிட்’டாக அனுப்பும் அலுமினியத் தகடுகளை, வாங்கியவரே தம் கார் கொட்டகையில் ரிவெட் அடித்துச் சேர்ப்பது. வேலையில் பாதிக்கு மேல் ஆர்வலர்கள் கையால் நடந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

இரண்டில் எது பாதுகாப்பானது என்ற வாதம் பெரும்பாலும் தகட்டையும் ரிவெட்டையும் சுற்றியே நடக்கிறது. அது இடம் தவறிய வாதம்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. சிறு விமானங்களில் சுமார் 10 சதவீதமே ஆர்வலர்கள் கட்டியவை. 2011இன் உயிர்ப்பலி விபத்துகளிலோ அவற்றின் பங்கு 21 சதவீதம். ஆனால் இறக்கை முறிந்து விழுந்தவை அரிது. எஞ்சின் கோளாறும் கட்டுப்பாட்டை இழப்பதுமே முதன்மைக் காரணங்கள். இன்னொன்றும் தெரிந்தது: சொந்தமாகக் கட்டியவர்களைவிட, கட்டியதைப் பிறகு வாங்கியவர்களே அதிகம் விபத்தில் சிக்கினார்கள்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்ட்டரே விரிகுடாவில் இறந்தது இப்படித்தான். பர்ட் ருட்டான் வரைந்த லாங்-ஈஸீ விமானத்தில் எரிபொருள் டாங்கியை மாற்றும் கைப்பிடி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். டென்வர் ஓட்டிய லாங்-ஈஸீயைக் கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். தமக்குப் பழகிய மாற்றம் என்பதால் அவருக்கு அது உறுத்தியிருக்காது. டென்வரோ பழையதாக வாங்கியவர். முந்தைய நாள் சுமார் அரை மணி நேரமே அதில் பழகியிருந்தார். கைப்பிடியை எட்டத் திரும்பினால் வலது கால் தானாகவே சுக்கான் பெடலை அழுத்தும் என்பது விசாரணையில் தெரியவந்தது.

செஸ்னா 172இல் அந்தக் கைப்பிடி முன்னிருக்கைகளுக்கு நடுவே தரையில் இருக்கும். யாரிடம் வாங்கினாலும் அங்கேதான். மாற்ற நினைத்தால் அரசின் ஒப்புதல் வேண்டும். ஆக, சான்றிதழ் தரத்தை மட்டும் காப்பதில்லை. முன்பின் அறியாத ஒருவரிடம் விமானத்தைப் பற்றிய அறிவையும் சேர்த்துக் கொடுக்கிறது.

சான்றிதழுக்குக் கொடுக்கும் விலையும் சிறிதல்ல: புதுமை தாமதமாகிறது. கார்மின் நிறுவனத்தின் ஜி5 மின்னணுத் திரை 2016இல் முதலில் கிட் விமானங்களுக்குத்தான் விற்பனைக்கு வந்தது. விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டுடன் 1998இல் சான்றிதழ் பெற்ற எஸ்ஆர்20ஐத் தந்த சிரஸ் நிறுவனம், அதற்குமுன் விகே-30 என்ற கிட்டை விற்றது. புதுமை பெரும்பாலும் கொட்டகையிலிருந்தே தொழிற்சாலைக்குப் போகிறது.

கட்டியவரின் அறிவு தனிச்சொத்து என்பதைச் சட்டமும் அறியும். தம் விமானத்தை ஆண்டுதோறும் தாமே பரிசோதித்துக் கையெழுத்திடும் உரிமையை அவர் பெறலாம். விற்றால் அது வாங்குபவருக்குப் போகாது. அந்தத் தர்க்கத்தை விமானி இருக்கைக்கும் நீட்டுவதே முறை. வாங்குபவர் தனியே பறக்குமுன், அதே விமானத்தில் அதை அறிந்தவருடன் பயிற்சி பெறுவதும், மூல வரைபடத்திலிருந்து விலகிய ஒவ்வொரு மாற்றத்தையும் கட்டியவர் எழுதித் தருவதும் கட்டாயமாக வேண்டும். சான்றிதழின் செலவோடு ஒப்பிட்டால் இவை அற்பம். வடிவமைப்பில் கைவைக்கும் சுதந்திரத்தையும் இவை பறிப்பதில்லை.