தொலைபேசிக் குழியிலிருந்து வந்த நிறங்கள்

தரவு மையங்களில் பயன்படும் செம்புக் கேபிளின் மேலுறையைச் சீவினால் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு ஆகிய நான்கு கம்பிகள், ஒவ்வொன்றும் தனக்குரிய வெள்ளைத் துணைக்கம்பியோடு முறுக்கிக்கொண்டு காணப்படும். கணினிக்கென்றே வகுக்கப்பட்டவை போலத் தோன்றும் இந்நிறங்கள், அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்பில் 1950களில் வழக்கத்துக்கு வந்த ஒரு முறையின் எச்சங்கள் ஆகும்.

அதற்கு முன் ஈய உறைக்குள் நூற்றுக்கணக்கில் அடைந்து கிடந்த கம்பிகளுக்குக் காகிதமே மின்காப்பாக இருந்தது. பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றிய அவற்றுள் உரிய சோடியைக் கண்டுபிடிக்க, நிலத்தடிக் குழியில் இறங்கிய தொழிலாளி, மறுமுனையிலுள்ள துணையாள் அனுப்பும் ஒலிக்குறி எதில் கேட்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பாலிஎத்திலீன் என்னும் நெகிழி, ஈரத்தைத் தடுத்ததோடு நிறமியையும் ஏற்றுக்கொண்டதால் அந்த உழைப்பு பெரிதும் குறைந்தது. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என ஒரு வரிசையும், நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என மற்றொரு வரிசையும் வகுக்கப்பட்டு, முதல் வரிசையின் ஒவ்வொரு நிறமும் இரண்டாவதன் ஐந்தோடும் சேர, 25 சோடிகள் கிடைத்தன. மஞ்சளும் ஆரஞ்சும் சேர்ந்திருந்தால் அது 17ஆம் சோடி என்பதை எந்தக் கருவியுமின்றிச் சொல்லிவிடலாம். 25க்கு மேற்பட்டால், ஒவ்வொரு கட்டின் மீதும் அதே நிறங்களில் நாடா சுற்றப்பட்டது. பத்தே நிறங்களில் இத்தனையையும் அடக்கிய அந்தச் சிக்கனம் வியந்து போற்றத்தக்கது.

1991இல் வெளியான 568 என்னும் அமெரிக்கத் தரநிலை, கணினி இணைப்புகளுக்கு இவற்றின் முதல் நான்கு சோடிகளையே எடுத்துக்கொண்டது. எட்டு முனைச் செருகியில் நீலச் சோடி நடுவிலுள்ள 4, 5ஆம் முனைகளில் அமர்வதும், இன்னொரு சோடி அதன் இருபுறமும் 3, 6 எனப் பிரிந்து நிற்பதும் தொலைபேசிச் செருகியின் வழிவந்த அமைப்பே. ஒளியிழைகளின் பன்னிரு நிற வரிசையிலும் முதல் பத்து, மேற்கூறிய இரண்டாம் வரிசையும் அதையடுத்து முதல் வரிசையுமே ஆகும். ரோஜா நிறமும் வெளிர்நீலப்பச்சையும் மட்டுமே புதியவை.

ஆயினும், உள்ளிருக்கும் நிறம் கம்பியின் வரிசை எண்ணைச் சொல்லுமேயன்றி, கேபிள் எங்கே போகிறது என்பதைச் சொல்லாது. செம்புக் கேபிளின் மேலுறை நிறமோ நிறுவனத்துக்கு நிறுவனம் பொருள் மாறுவது; சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பணியாளருக்கு அதுவும் முழுமையாக உதவாது. 1993இல் வந்த 606 என்னும் தரநிலை, ஒவ்வொரு கேபிளுக்கும் தனி அடையாளக் குறி தந்து, அதை இரு முனைகளிலும் லேபிளாக ஒட்டி, பதிவேட்டிலும் எழுதிவைக்குமாறு வகுத்தது இக்குறையை நிரப்பவே. நிறங்களை அது கைவிடவில்லை. கம்பிகள் வந்து முடியும் பலகைகளில், வெளியிலிருந்து வரும் சேவை இணைப்புக்கு ஆரஞ்சும், பணியிடங்களுக்குச் செல்லும் கேபிள்களுக்கு நீலமும் அதில் ஒதுக்கப்பட்டன.