நன்னாரி என்னும் பெயரில் மறையும் மாகாளி: ஓர் உணவுக்கிழங்கின் வரலாறும் பாதுகாப்பும்

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்கே எழும் ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. இத்தொடரின் வறண்ட பாறைச் சரிவுகளில் படரும் கொடி மாகாளி. தென்னிந்தியாவுக்குள் இயல்பாக அடங்கிய இத்தாவரம், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அருகிவரும் இனமாக இடம்பெற்றுள்ளது. மிகுதியாகத் தோண்டப்படுவது இவ்வழிவிற்குரிய முதன்மைக் காரணம். அவ்வழிவு கண்ணிற் படாமைக்குப் பெயர் மயக்கமும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பெயரும் பதிவும்

இராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட் ஆகிய இருவரும் 1834இல் இதற்கு 'டெக்கலெபிஸ் ஹாமில்டோனி' என்னும் அறிவியற்பெயரை வழங்கினர். தாவரவியல் ஏடுகளில் இவ்வாறு தனியினமாக நிலைபெற்ற மாகாளி, வணிக வழக்கில் அத்தனித்தன்மையைப் பெறவில்லை. மருந்துச் சரக்காகவும் சர்பத்துக்குரிய வேராகவும் நன்னாரிக்கு மாற்றாக அது விற்கப்படுகிறது.

மணமும் மயக்கமும்

இம்மயக்கத்திற்கு வேதியியல் அடிப்படை உண்டு. இரு வேர்களின் நறுமணத்திற்கும் முதன்மைக் காரணமாக அமைவது, வெனிலினின் மாற்றியமான ஒரே சேர்மம். ஆயினும் வேர்களின் அமைப்பு வேறு. நன்னாரி வேர் மெலிந்தது, கட்டைத்தன்மை உடையது. மாகாளியின் வேர் பருத்தது, சதைப்பற்று மிக்கது. தோலைச் சீவி, நடுநரம்பை நீக்கி, சதையை நறுக்கி மோரிலோ தயிரிலோ ஊறவைப்பதே மாகாளி ஊறுகாய். நன்னாரி வேரில் இவ்வூறுகாய் அமையாது. சந்தை கலந்துவிட்ட வேறுபாட்டை அடுக்களை காத்து வந்துள்ளது என்பது நோக்கத்தக்கது.

மயக்கத்தின் விளைவு

நன்னாரி இந்தியாவெங்கும் இலங்கையிலும் பரவலாக வளர்வது. மாகாளியின் வேர் அப்பெயரில் விற்கப்படும்போது, அரிய இனத்தின் இழப்பு பரவலான இனத்தின் கணக்கில் கரைந்துவிடுகிறது. இலை, கனி ஆகியவற்றைப் பறித்தால் செடி மீளும். வேர்த்தொகுதியை முழுமையாக அகழ்ந்தாலோ கொடியே அழியும். காற்றில் பரவும் பஞ்சிழை விதைகள் முதிர்வதற்கு முன் அகழப்பட்டால் அடுத்த தலைமுறையும் இல்லாது போகும்.

2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடியினருக்கு உறுதிசெய்தது. அவ்வரையறை 'வேர்கள், கிழங்குகள்' எனப் பொதுவாகவே சுட்டுகிறது. இனப்பிரிப்பு அதன் நோக்கமன்று. எனவே எவ்வினம் எவ்வளவு அகழப்படுகிறது என்பதை அறியக் கொள்முதற் பதிவேடே வழி. அது 'நன்னாரி' என்று மட்டும் குறிக்குமாயின் அவ்வழியும் அடைபடும்.

முடிவுரை

வேரைத் தேடும் தேவை சமவெளிக்குரியது. பழியை மலையில் அகழ்பவர் மீது மட்டும் சுமத்துவது வரலாற்று நேர்மையாகாது. தடை ஒன்றே தீர்வாயின், ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் போன்றோரின் உரிமையே முதலில் குறுகும். கொள்முதலில் இரு வேர்களையும் தனித்தனியே பதிதல், விதை பரவும்வரை அகழாதிருத்தல், நாற்றங்கால் வழியே பயிரிடுதல் ஆகியவற்றை அம்மக்களின் கிராம சபைகளோடு இணைந்து மேற்கொள்ளலாம். பருமனைக் கண்டே வேரைப் பிரித்தறிய இயலும் என்பதால், முதற்பணிக்கு ஆய்வுக்கூடமும் வேண்டுவதில்லை. மாகாளியை அதன் பெயரிலேயே பதிவது அதன் பாதுகாப்பின் முதற்படி எனலாம்.