திருகோணமலையின் குரலும் கொழும்பின் ஒலிப்பதிவுக் கூடமும்

திருகோணமலையைப் பற்றி எழுதுவோர் கோணேசர் கோயிலை எழுதுவர். துறைமுகத்தையும், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் வீசிய குண்டுகளையும் எழுதுவர். பரமேஷ், கோணேஷ் சகோதரர்களை எழுதுவோர் குறைவு. என்போன்ற பழைய பத்திரிகைக்காரனாவது எழுதிவைக்க வேண்டாமா?

ஈழத்து மெல்லிசையும் பொப்பிசையும் தலையெடுத்த காலத்தில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரோடு சேர்த்து எண்ணத்தக்கவர் எம்.பி. பரமேஷ். தமிழகத் திரைப்பாடல்களே வானொலியை ஆண்ட நாட்களில் அவருடைய சொந்தப் பாடல்கள் இசைத்தட்டாயின. அக்காலத்தில் பாட்டைப் பதிவுசெய்வதென்றால் வாத்தியங்களைச் சுமந்துகொண்டு கொழும்புக்கு ரயிலேற வேண்டும். இன்றுபோல் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து ஒட்டும் வசதி அரிது. பாடகரும் வாத்தியக்காரரும் ஒன்றாக நின்று பாட வேண்டும். கடைசி அடியில் தபேலா தவறினாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

1980களில் திருகோணமலைக்கு வடக்கே ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி பெரிய அஞ்சல் நிலையம் ஒன்றை அமைத்தது. ஜெர்மனியில் பேசியதை அது ஆசியாவெங்கும் பரப்பியது. வேடிக்கை பாருங்கள், எங்கள் பரமேஷோ ஜெர்மனிக்குப் போய்க் குடியேறினார்! நிலையம் பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது.

போரில் வீடுகளோடு இசைத்தட்டுகளும் அழிந்தன. என்னிடமிருந்த ஒன்று 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வில் தொலைந்தது. பழைய கடிதங்களைச் செருகி வைத்திருந்ததால் அதன் உறை மட்டும் எஞ்சியிருக்கிறது.