அமுதசுரபியும் அரசாணையும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த அரங்கத்தில் இருக்கிறவர்களுக்கும், வீட்டிலே அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்கும் வணக்கம். பாலைக் கொஞ்சம் பார்த்துக்குங்கம்மா. பொங்கினா பழி எங்க அணி மேல வந்துடும்.

"சமுதாயத்தை மாற்ற ஏற்ற இடம் தொண்டு நிலையமா, சட்டமன்றமா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவி பேசும்போது ஒரு கேள்வி கேட்டார்கள். "ஊருக்கு உழைக்கிற நல்லவங்களுக்கு அரசியல் எதுக்குங்க? மருந்து கொடுக்கிறவர் மருந்து கொடுக்கட்டும், பாடம் நடத்துறவர் பாடம் நடத்தட்டும், சேத்துல எதுக்குக் கால் வைக்கணும்?" என்றார்கள். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். பக்கத்தில் எல்லாரும் தட்டும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் நல்லா இருக்காதே!

மருந்து கொடுக்கிறவர் மருந்தோடு நின்றுகொள்ளட்டும் என்றார்கள் இல்லையா? மருந்தோடு நிற்க முடியாமல் சட்டமன்றத்துக்குப் போன ஒரு டாக்டரைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெயர் எல்லாருக்கும் தெரியும். அரசாங்கத்தின் மகப்பேறு உதவித் திட்டமே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா சட்டமன்றத்துக்குள் போய் உட்கார்ந்து என்ன செய்தார் என்று கேட்டால், படித்தவர்கள்கூட ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். "தேவதாசி முறையை ஒழித்தார்." அவ்வளவுதான். எப்படி ஒழித்தார்? அதில்தான் ஐயா விஷயமே இருக்கிறது.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி அய்யர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் குலம். பெண் பிள்ளை கல்லூரியில் சேருவதா என்று ஊரே எதிர்த்தது. புதுக்கோட்டை மன்னர் தலையிட்டு, ஆண்கள் படிக்கிற மன்னர் கல்லூரியில் இடம் கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொள்கிறார். அதற்கு முன்னாலேயே ஒரு நிபந்தனை: என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. நடுவர் ஐயா சிரிக்கிறார். கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனவர்களுக்கு இந்த மாதிரி நிபந்தனையைக் கேட்டால் சிரிப்புதான் வரும்.

மருத்துவராக அந்த அம்மா பார்த்தது என்ன? பதின்மூன்று வயதில் பிள்ளை பெற வந்து நிற்கிற சிறுமிகளை. அவர் மருந்து கொடுக்கலாம், அறுவை செய்யலாம், அந்தக் குழந்தைத் தாயைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பலாம். அடுத்த மாதம் அதே வயதில் இன்னொரு சிறுமி வருவாள். படுக்கை காலியாகும், மறுபடி நிரம்பும். நோய் உடம்பில் இருந்தால் மருத்துவர் பார்த்துக்கொள்வார். நோய் வழக்கத்தில் இருந்தால்?

அடையாற்றில் 1917-ல் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் அவர் சேர்ந்து பணி செய்தார். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று கேட்ட சங்கம் அது. 1921-ல் சென்னை மாகாணம் அந்த உரிமையைக் கொடுத்தது. எல்லாப் பெண்களுக்கும் இல்லை, சொத்தும் வரியும் இருக்கிறவர்களுக்குத்தான். 1926-ல் பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்றும் ஆயிற்று. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாயா துணிந்து நின்றார், சொற்ப வாக்குகளில் தோற்றார். தேர்தல் கைவிட்டதும், மாதர் சங்கத்தின் பரிந்துரையில் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக உள்ளே போகிறார்.

எதிரணி நண்பர் ஒருவர் பேனாவை எடுத்துவிட்டார், "நியமனம்தானே, ஓட்டு வாங்கவில்லையே" என்று குறித்துக்கொள்கிறார். குறிச்சுக்குங்க. ஆனால் ஒன்றையும் சேர்த்துக் குறிச்சுக்குங்க. அந்த அம்மா பதவிக்கு அலையவில்லை. மருத்துவப் பணி கெட்டுவிடுமே என்று முதலில் தயங்கினார். 1927-ல் உள்ளே போன அவரையே அந்தச் சபை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மீசை முறுக்கிய ஜமீன்தார்களும் வக்கீல்களும் நிறைந்த சபை. அங்கே ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து, "நீங்க உட்காருங்க, அவர் பேசட்டும்" என்று சொல்கிற காட்சியை நினைச்சுப் பாருங்க. நம்ம வீட்டில் பல பேருக்கு அது தினமும் பழக்கம்தான். சட்டமன்றத்துக்கு அது புதுசு.

இப்போது தேவதாசி முறைக்கு வருவோம். இதில் அந்த அம்மாவின் சட்டமன்றப் பேச்சு என்று ஒரு சூடான பதிலை எல்லா மேடையிலும் கேட்டிருப்பீர்கள். நான் அதைச் சொல்லப் போவதில்லை. கைதட்டல் கிடைக்கும், தெரியும். அந்தக் கைதட்டலில்தான் அவர் செய்த வேலை அமுங்கிப் போகிறது.

பொட்டுக்கட்டு என்றால் ஒரு பெண் குழந்தையைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவது. அந்தப் பெண் கோயிலில் ஆடவும் பாடவும் தீபாராதனை எடுக்கவும் வேண்டும். அதற்குக் கூலியாகக் குடும்பத்துக்கு ஒரு துண்டு மானிய நிலம். இங்கேதான் முடிச்சு. அந்த நிலம் ஊழியத்தோடு கட்டப்பட்டது. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனக்கு வயதாகிவிட்டது. "என் பொண்ணுக்கு இந்த வாழ்க்கை வேண்டாம், கல்யாணம் பண்ணிக் கொடுக்கிறேன்" என்று நினைக்கிறாள். நினைத்தால் என்ன ஆகும்? மானியம் போகும். வீட்டில் இருக்கிற பாட்டிக்கும் தம்பிக்கும் சோறு போகும். ஒரு பெண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் குடும்பத்தையே பட்டினி போட வேண்டும். அதனால் மனசு கல்லாகி, மகளுக்கும் பொட்டுக் கட்டிவிடுவாள்.

எதிரணித் தலைவி அவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். இந்தத் தாய்க்கு உங்கள் தொண்டு நிலையம் என்ன செய்யும்? அறிவுரை சொல்லும். அவளுக்கே அந்த அறிவு இருக்கிறதே! பெண்ணை வாங்கி விடுதியில் வைத்துப் படிக்க வைக்கும். நல்லதுதான். நிலத்துக்கு யார் பொறுப்பு? பட்டாவில் எழுதியிருக்கிற நிபந்தனையை எந்த விடுதியம்மா அழிக்க முடியும்?

சட்டமன்றம்தான் அழிக்க முடியும். முத்துலட்சுமி ரெட்டிக்கு அது புரிந்தது. 1927 நவம்பரில் பொட்டுக்கட்டை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார், சபை ஏற்றது. தீர்மானம் என்பது நாம் புத்தாண்டுக்கு எடுக்கிற மாதிரி, எடுக்கலாம், அவ்வளவுதான். அதோடு அவர் விடவில்லை. இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929-ல் அது சட்டமாயிற்று. என்ன சொன்னது? தேவதாசிகளின் மானிய நிலத்தை ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவித்தது. இனிமேல் ஒரு தீர்வையைக் கட்டிக்கொண்டு நிலத்தை வைத்துக்கொள்ளலாம். கோயில் ஊழியத்துக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. நிலவரியை மானியமாகப் பெற்றவர்களுக்கு ஆயுள் உள்ளவரை அது உண்டு. ஒருவரையும் திட்டாத, சாதாரணமான வருவாய்த்துறை மொழியில் எழுதின சட்டம்தான். ஆனால் அந்தத் தாய் தன் மகளைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டு, அந்தத் துண்டு நிலத்தில் நெல்லும் அறுக்கலாம் என்று ஆக்கியது அதுதான்.

நான் தமிழாசிரியன். இந்த இடத்தில் எனக்கு மணிமேகலை ஞாபகம் வராமல் இருக்காது. அவளும் ஆடல் மகள் மாதவியின் பெண்தான். கையில் அமுதசுரபி. எடுக்க எடுக்கக் குறையாத சோறு. அதை விடப் பெரிய தொண்டு நிலையம் உலகத்தில் உண்டா? சிறைச்சாலைக்குள் போய்க் கைதிகளின் பசியை ஆற்றுகிறாள். செய்தி அரசனுக்குப் போகிறது. கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். இன்னும் கொஞ்சம் அரிசி வேண்டும் என்றா கேட்டாள்? அமுதசுரபி வைத்திருக்கிறவளுக்கு அரிசி எதற்கு? இந்தச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்று என்று கேட்டாள். பசி தீர்க்க அவளால் முடிந்தது. சிறையை மாற்ற அரசன் ஆணை தேவைப்பட்டது. அறம் பாட வந்த சாத்தனாருக்கே அரண்மனைக்குப் போகாமல் கதையை நடத்த முடியவில்லை, நடுவர் அவர்களே.

நான் சட்டமன்றத்தின் பக்கம் பேசுகிறேன் என்பதற்காக, சட்டம் எல்லாரையும் குளிர வைத்தது என்று சொல்லமாட்டேன். தேவதாசிகளே எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அந்த அம்மா, எதிர்ப்புக்கு முன்னால் நின்றார். எங்கள் கலைக்கும் சொத்துக்கும் என்ன வழி, எங்களைக் கேட்காமல் எங்களுக்குச் சட்டம் செய்வதா என்று கேட்டார்கள். நியாயமில்லாத கேள்வி என்று நான் சொல்லமாட்டேன். பரம்பரையாகச் சொத்துரிமை பெண் வழியில் இருந்த குடும்பங்கள் அவை. விடுவித்த நிலம் பல இடங்களில் அந்தக் குடும்பத்து ஆண்கள் கைக்குப் போயிற்று என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். தொண்டு செய்கிறவரிடம் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். சட்டத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் சட்டம் செய்கிற இடத்துக்கு, அந்த வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் போகவேண்டும் என்கிறேன். முத்துலட்சுமி ரெட்டிக்கு அது புத்தகத்தில் படித்த விஷயமில்லை, தாய் வீட்டு விஷயம்.

இனி, எதிரணி ஆவலோடு காத்திருக்கிற கட்டத்துக்கு வருகிறேன். 1930-ல் காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதாகிறார். அதைக் கண்டித்து அந்த அம்மா பதவியை விட்டு விலகுகிறார். பொட்டுக்கட்டையே தடை செய்யும் மசோதா அப்போது பாதியில் நிற்கிறது. அதே ஆண்டில், அந்தக் குலத்துப் பெண்கள் மூன்று பேர் தங்க இடமில்லாமல் அவர் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். தம் வீட்டிலேயே இடம் கொடுக்கிறார். அதுதான் ஔவை இல்லமாக வளர்ந்தது. "பார்த்தீங்களா, கடைசியில் தொண்டுக்குத்தானே திரும்பி வந்தார்!" என்று எதிரணி சொல்லும்.

சரிங்க, வந்தார். அந்த மூன்று பெண்களும் அன்று ராத்திரி எங்கே படுப்பார்கள் என்ற கேள்விக்குச் சட்டமன்றத்தில் பதில் இல்லைதான். அதை ஒத்துக்கொள்கிறேன். அடையாற்றில் 1954-ல் 12 படுக்கையோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் அவர் சட்டமன்றத்துக்கு வெளியே நின்று கட்டியதுதான். புற்றுநோயில் தங்கையைப் பறிகொடுத்த அந்த வலியை முப்பது வருஷம் சுமந்து கட்டினார்.

ஆனால் அந்தப் பாதி மசோதா என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அது கிடந்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை. 17 வருஷம்! வெளியே ஆள் இல்லாமலா? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருந்தார். அதே குலத்தில் பிறந்து, காங்கிரசிலும் பிறகு சுயமரியாதை இயக்கத்திலும் மேடை மேடையாகப் பேசினார். 1936-ல் தேவதாசி வாழ்க்கையை வைத்து ஒரு நாவலே எழுதினார். 1938-ல் இந்தி எதிர்ப்புக்காகத் திருச்சியிலிருந்து சென்னை வரைக்கும் நடந்தார், சிறைக்கும் போனார். இந்தப் பக்கம் ஔவை இல்லம், அந்தப் பக்கம் இராமாமிர்தம் அம்மையாரின் குரல். இரண்டும் இருந்தும், பொட்டுக் கட்டுவது குற்றம் என்று எழுத ஒரு சபை கூட வேண்டியிருந்தது. 1947-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில்தான் அந்தத் தடைச் சட்டம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டிக்கு அப்போது வயது 61.

அந்த 17 வருஷத்தில் எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டினார்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு ஔவை இல்லத்தின் விலாசம் தெரிந்திருக்கும்? எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நடுவர் ஐயா இரண்டாவது மணியும் அடித்துவிட்டார். வீட்டிலே பாலும் இந்நேரம் காய்ந்திருக்கும்.