கோட்டில் சிவப்பு ரோஜா, பையில் அம்மாவின் கடிதம்

பிப்ரவரி மாதம் வந்தால் பேப்பரில் தவறாமல் ஒரு பட்டியல் வரும். சிவப்பு ரோஜா என்றால் காதல், வெள்ளை என்றால் தூய்மை, மஞ்சள் என்றால் நட்பு. ஏதோ ரோஜாச் செடியோடு கூடவே முளைத்த அர்த்தம் போல எழுதியிருப்பார்கள். இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அது என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், 1920-இல் அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டசபையில் நடந்த ஓட்டெடுப்பு. ரோஜாவின் நிறத்தை வைத்துக்கொண்டு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

முதலில் பட்டியல் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் தூதராகத் துருக்கிக்குப் போனவரின் மனைவி லேடி மேரி மாண்டேகு. 1717, 1718 ஆண்டுகளில் அங்கே இருந்தார். அங்குள்ளவர்கள் முத்து, கிராம்பு, சோப்பு, கரி, மிளகு, ரோஜா என்று ஏதாவது ஒரு பொருளை அனுப்பியே மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். அந்த வழக்கத்தில் பொருளின் நிறத்துக்கு வேலையே இல்லை. அதன் பெயரோடு ஒலி ஒத்துவரும் ஒரு பாட்டு வரிதான் செய்தி. நம் ஊர்ப் பிள்ளைகள் எதுகை போட்டு விளையாடுவது போன்ற சொல் விளையாட்டு அது.

ஐரோப்பாவுக்குப் போனதும் சோப்பும் கரியும் மிளகும் கழன்று விழுந்தன, பூ மட்டும் நின்றது. 1819-இல் பாரிஸில் ஷார்லட் டி லாத்தூர் என்ற புனைபெயரில் பூக்களின் மொழிக்கு ஒரு புத்தகம் வந்தது. அது நன்றாக விற்கவே ஆளாளுக்கு ஓர் அகராதி போட்டார்கள். ஒன்றில் இருக்கும் அர்த்தம் இன்னொன்றில் இருக்காது. 1884-இல் கேட் கிரீனவே படம் வரைந்து வெளியிட்ட ஆங்கிலப் புத்தகம் ரொம்பப் பிரபலம். அதில் மஞ்சள் ரோஜாவுக்குக் கொடுத்திருக்கும் பொருள் காதல் தேய்வதும் பொறாமையும்! மஞ்சளை மங்கலம் என்று பார்த்து வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். அதே பூ இன்றைய பட்டியலில் நட்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தோட்டக்காரர் யாரும் செடியை மாற்றவில்லை, புத்தகம் போடுகிறவர்கள்தான் அர்த்தத்தை மாற்றினார்கள்.

இனி டென்னசி மாநிலத்துக்கு வருவோம்.

அமெரிக்கப் பெண்கள் ஓட்டுரிமை கேட்டுப் போராடத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். 1867-இல் கன்சாஸ் மாநிலத்தில் பிரசாரம் செய்தபோது எலிசபெத் ஸ்டாண்டன், சூசன் ஆண்டனி என்ற இரு தலைவிகள் அந்த ஊரின் சூரியகாந்திப் பூவை அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் மஞ்சள் அவர்கள் நிறம் ஆயிற்று. சூரியகாந்தியைச் சட்டையில் குத்திக்கொண்டு நடமாட முடியுமா? நாளடைவில் மஞ்சள் ரோஜா அந்த இடத்துக்கு வந்தது. அகராதியில் பொறாமை என்று போட்டிருக்கிறதே என்று அந்தப் பெண்கள் தயங்கியதாகத் தெரியவில்லை.

1919-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் திருத்தத்தை நிறைவேற்றியது. ஆனால் அது சட்டமாக, அன்றிருந்த 48 மாநிலங்களில் 36 மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டும். 1920 கோடையில் 35 ஆகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றுக்காக எல்லோரும் டென்னசியின் தலைநகரான நாஷ்வில்லில் வந்து குவிந்தார்கள்.

இரு தரப்புத் தலைவர்களும் ஹெர்மிடேஜ் என்ற ஒரே ஹோட்டலில்தான் தங்கினார்கள். ஓட்டுரிமை தரப்புக்குக் கேரி சாப்மன் கேட் அம்மையார் தலைமை. எதிர்த்தரப்புக்கும் ஒரு பெண்தான் முன்னால் நின்றார், ஜோசபின் பியர்சன். ஓட்டு வந்தால் குடும்பம் குலைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். கறுப்பினப் பெண்களுக்கும் ஓட்டு கிடைத்துவிடுமே என்ற பயத்தையும் சேர்த்துக் கிளப்பினார்கள். எதிர்ப்பவர்கள் சிவப்பு ரோஜாவை எடுத்துக்கொண்டார்கள், 'அமெரிக்கன் பியூட்டி' என்ற வகை. பெயர்தான் அமெரிக்கன், செடி பிறந்தது பிரான்சில்! மதுவிலக்கு அமலில் இருந்த காலம், ஆனாலும் அந்த ஹோட்டலின் எட்டாவது மாடி அறை ஒன்றில் உறுப்பினர்களுக்கு விஸ்கி தாராளமாக ஓடியது.

நேரு ஷெர்வானியில் ரோஜா குத்தியிருக்கும் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதேபோல ஒவ்வொரு உறுப்பினர் கோட்டிலும் ஒரு ரோஜா. மஞ்சள் என்றால் ஆதரவு, சிவப்பு என்றால் எதிர்ப்பு. யார் எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம், மார்பைப் பார்த்தால் போதும். பத்திரிகைகள் இதற்கு 'ரோஜாப் போர்' என்று பெயர் வைத்தன. மேல்சபையில் ஆகஸ்ட் 13-ஆம் தேதி 25-க்கு 4 என்று சுலபமாக நிறைவேறியது. கீழ்சபைதான் இழுபறி.

ஆகஸ்ட் 18 காலையில் கோட்டுகளை எண்ணிப் பார்த்தவர்களுக்குச் சிவப்பே தூக்கலாகத் தெரிந்தது. சபாநாயகர் சேத் வாக்கர் முதலில் ஓட்டுரிமை பக்கம் இருந்து பிறகு மாறியவர். தீர்மானத்தைக் கிடப்பில் போட வேண்டும் என்று அவரே முன்மொழிந்தார். வந்திருந்தவர்கள் 96 பேர். ஓட்டு 48-க்கு 48. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் 48-க்கு 48. சரி, தீர்மானத்தையே ஓட்டுக்கு விடுவோம், சமமாக வந்தால் அதுவே தோல்விதான் என்று வாக்கர் கணக்குப் போட்டார்.

ஹாரி பர்ன் என்ற உறுப்பினருக்கு அப்போது வயது 24. சபையிலேயே இளையவர். நயோட்டா என்ற சின்ன ஊர்க்காரர். அவர் தொகுதியில் எதிர்ப்பு பலமாக இருந்தது, சில வாரங்களில் மறுபடி தேர்தலில் நிற்க வேண்டியவர். கோட்டில் சிவப்பு ரோஜா. கிடப்பில் போடும் ஓட்டு இரண்டிலும் சிவப்புக் கட்சியோடுதான் சேர்ந்து போட்டார். ஆனால் கோட்டுக்குள் பையில் அன்று காலை கைக்கு வந்த ஒரு கடிதம் இருந்தது. அம்மா ஃபெப் பர்ன் எழுதியது, ஏழு பக்கம். கணவரை இழந்து பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த படித்த பெண்மணி, தினமும் பேப்பர் படிப்பவர். ஊர்க் கதை, வீட்டுக் கதைக்கு நடுவே, நீ எந்தப் பக்கம் என்று பேப்பரில் தேடித் தேடிப் பார்க்கிறேன், ஒன்றும் காணோமே என்று கேட்டிருந்தார். ஓட்டுரிமைக்கு ஓட்டுப் போடு, நல்ல பிள்ளையாக இரு, கேட் அம்மாவுக்கு உதவி செய் என்பதுதான் சாரம். அவர் பண்ணையில் குத்தகைக்கு உழுத எழுதப்படிக்கத் தெரியாத ஆண்களுக்கு ஓட்டு இருந்தது, அவருக்கு இல்லை. இதைப் பின்னாளில் மகனே சொல்லியிருக்கிறார்.

ஆங்கில அகர வரிசையில் பர்னின் பெயர் முன்னாலேயே வந்துவிடும். கூப்பிட்டார்கள். "ஆதரவு" என்றார். சிவப்பு ரோஜாவிலிருந்து அந்தச் சொல் வந்ததைச் சபை புரிந்துகொள்ளவே சற்று நேரம் ஆயிற்று. 49-க்கு 47. மறுபரிசீலனை கோர வேண்டுமானால் ஜெயித்த பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக வாக்கர் தன் ஓட்டையும் ஆதரவாக மாற்றினார். அதனால் ஆதரவு 50 ஆகி, மொத்தம் 99 இடங்கள் கொண்ட சபையில் முழுப் பெரும்பான்மையும் கிடைத்துவிட்டது. சபாநாயகர் தானே போய் எதிரிக்கு உதவிய இந்த இடத்தைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

எதிர்த்தரப்பு சும்மா விடவில்லை. பர்ன் லஞ்சம் வாங்கினார் என்றார்கள். மறுநாள் அவர் சபைக் குறிப்பில் விளக்கம் பதிவு செய்தார்: பெண்களுக்கு ஓட்டு நியாயம் என்று நம்புகிறேன், மகனுக்கு அம்மா சொல்வதே பத்திரமான வழி. லூசியானா முன்னாள் ஆளுநரின் மனைவி நயோட்டாவுக்கே போய், அந்தக் கடிதம் உங்களுடையது அல்ல என்று சொல்லிவிடுங்கள் என்று ஃபெப் அம்மாளை நெருக்கினார். அவர் மசியவில்லை. கடிதம் என்னுடையதுதான் என்று தந்தி கொடுத்துவிட்டார். சபை கூட முடியாமல் செய்ய முப்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேறிப் பக்கத்து மாநிலத்துக்குப் போனதும் பலிக்கவில்லை. ஆகஸ்ட் 26-இல் திருத்தம் சட்டமாயிற்று.

எல்லாப் பெண்களுக்கும் உடனே ஓட்டு கிடைத்தது என்று சொல்ல முடியாது. தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களையும் ஆண்களையும் வரி, பரீட்சை, மிரட்டல் என்று பல வழியில் ஓட்டுச்சாவடிக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். அதை உடைக்க 1965-இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. நம் சென்னை மாகாணம் 1921-இல் சொத்துத் தகுதியோடு பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது, பிரிட்டிஷ் இந்தியாவில் அதுதான் முதல் மாகாணம். அங்கே யார் என்ன பூ வைத்திருந்தார்கள் என்று எவரும் எண்ணவில்லை போலும்!

1920 நவம்பரில் ஹாரி பர்ன் மறுபடி தேர்தலில் நின்றார். எதிர்ப்பு கடுமைதான், ஆனாலும் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். அவர் அம்மாவுக்கும் ஓட்டு இருந்த முதல் தேர்தல் அது.